கொடிமலையில் நடந்த கால்களுக்கு ஏலகிரி

பினாங்கிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கிளம்புகிறவர்களின் பயணத் திட்டம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். சென்னையில் இறங்கி, தி. நகரில் இரண்டு நாள் சேலையும் நகையும் பார்ப்போம். அப்புறம் வேன் பிடித்துக் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, பழனி. கடைசி நாள் பெட்டியை எடைபோட்டுவிட்டு விமான நிலையம். நானும் மூன்று முறை அப்படித்தான் போய் வந்தேன். நான்காவது முறையிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் ஒரே ஒரு நாளை மலைக்கென்று ஒதுக்குகிறேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன், நீங்களும் ஒதுக்க வேண்டும் என்ற ஆசையில்.

என் தாத்தா திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். ராஜுலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர். ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பினாங்கின் கொடிமலையைப் பார்க்கும்போதெல்லாம், "எங்க ஊர்லருந்து ஏலகிரி இப்படித்தான் தெரியும்" என்பார். அந்த மலையில் அவர் ஏறியதே இல்லை. அடிவாரத்தில் மாடு மேய்த்ததோடு சரி. பழைய வடஆற்காடு மாவட்டத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஏராளம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருந்தால் இந்த மலை உங்களுக்கு அந்நியம் இல்லை.

ஏலகிரி கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் சமதளம்போலப் பரந்து கிடக்கும் மலை. அதில் சின்னச் சின்ன ஊர்கள். அத்தனாவூரில் புங்கனூர் ஏரி இருக்கிறது. மனிதர் வெட்டிய ஏரிதான், படகு விடுகிறார்கள். ஏரிக்கு மேலே உயர்ந்து நிற்கும் முகடுதான் சுவாமிமலை, ஏலகிரியிலேயே உயரமான இடம், 4,300 அடிக்கு மேல். மங்கலம் என்ற ஊர்ப் பக்கமிருந்து பாதை தொடங்குகிறது. நடந்து ஏற வேண்டிய உயரம் முந்நூறு மீட்டரையொட்டித்தான் வரும். தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதை வழியாகக் கொடிமலை உச்சிவரை நடக்கிறவர்களுக்கு இது பாதிகூட இல்லை.

ஒரு எச்சரிக்கை. வண்டிக்காரரிடமோ பயண முகவரிடமோ வெறுமனே "சுவாமிமலை" என்று சொல்லிவிடாதீர்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போய்விடுவார். "ஏலகிரி சுவாமிமலை, திருப்பத்தூர் மாவட்டம்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயம், வழிகாட்டி. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு பேர் சேர்ந்தால் கொடிமலையின் மூன் கேட் பாதையில் ஏறிவிடுவோம், யாரையும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தைத் தமிழ்நாட்டு மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து மலையேறப் போயிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். கோடையில் காய்ந்துபோன புல்லில் தீ ஆள் ஓடும் வேகத்தைவிட வேகமாக மேலே ஏறும். எந்தச் சரிவில் இறங்கினால் பிழைக்கலாம் என்பது அந்த மலையில் பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பதினான்கு மாவட்டங்களில் 40 பாதைகள். ஏலகிரி – சுவாமிமலை அவற்றில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டினால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் சேர்ந்தே கிடைக்கும். வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்கள், பயிற்சி பெற்றவர்கள். நான் இந்தத் திட்டத்தைப் பரிந்துரைப்பதற்கு அதுவே பெரிய காரணம். நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மலையில் வாழ்கிறவர் கையில் சேருகிறது. சாலையோரத்தில் "நான் கூட்டிப் போறேன் சார்" என்று வருகிறவரோடு அனுமதியில்லாமல் ஏறாதீர்கள். மலைக்குப் போன முதல் முறை எங்களை அப்படி ஒருவர் கூட்டிப் போனார். பாதி வழியில் பாதை தவறி, உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு மணி நேரம் கிடந்தோம். என் அம்மாவின் கையில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.

பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீப் பருவம் என்பதால் பாதைகளை மூடிவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஆக, டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பொங்கல் முடியும்வரை நமக்கு வசதி. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் அதில் வந்துவிடும், தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் திரும்பிவிடலாம். பொங்கல் வாரத்தில் மட்டும் ரயிலில் இடம் கிடைப்பது கடினம், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. நீங்கள் போகும் நாளில் அது இல்லையென்றால் கோலாலம்பூர் வழி. இ-விசாவுக்கு இந்திய அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் பணம் வாங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. சென்னை சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் மூன்று மணி நேரம் போல ஆகும். மாலையில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸும் உண்டு. அங்கிருந்து பேருந்தோ வாடகை வண்டியோ. சாலை வழியாக வந்தால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. ஆம்பூரில் சீரகச்சம்பா பிரியாணியைப் போகும்போது சாப்பிடாதீர்கள், மலையிறங்கி வரும்போது சாப்பிடுங்கள்.

மலைச் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். வள்ளுவர், இளங்கோ, கம்பர், பாரதி என்று புலவர்கள். பாரி, ஓரி என்று கடையெழு வள்ளல்கள். தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்களெல்லாம் வளைவுக்கு வளைவு வருகின்றன. என் மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கி, அவள் படித்து முடித்த பிறகுதான் வளைத்தார்.

முதல் நாள் இரவு மலையிலேயே தங்குங்கள். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பது இங்கே நன்றாக உதவும். நம் உடம்பு ஏழு மணிக்கு விழித்தால் அங்கே நாலரைதான். அலாரம் இல்லாமலே எழுந்து, பசியாறிவிட்டு, வெளிச்சம் வந்ததும் நடக்கத் தொடங்கலாம். பத்து மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அதற்கு மேல் வெயில் பாறையில் ஏறிவிடும்.

மலேசியாவில் மலையேறிப் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். நம் காட்டில் மரம் தலைக்கு மேல் குடை பிடிக்கும். காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை சொட்டும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சட்டையே சொல்லும். ஏலகிரி வறண்ட காடு. வியர்வை வந்ததும் காய்ந்துவிடும். தாகம் தெரியாமலே தலை சுற்றும். எனக்குச் சுற்றியது, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கையில் அரை லிட்டர்தான் மிச்சம் இருந்தது. ஆளுக்கு இரண்டு லிட்டர் கட்டாயம் வேண்டும். தொப்பி, உப்புக் கரைசல் பொட்டலம், கொஞ்சம் கடலை மிட்டாய். காலணி பற்றியும் சொல்ல வேண்டும். பால்மரத் தோட்டத்தில் போடுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து நம் சேற்றுக்கு நல்லது. அங்கே சரளைக்கல் கூர்மையாக இருக்கிறது, மெல்லிய அடிப்பாகத்தைத் தாண்டிக் குத்தும். தடித்த அடிப்பாகம் உள்ளதை எடுத்துப் போங்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே தண்ணீர்மலைப் படிகளில் வாரம் இரண்டு முறை ஏறி இறங்கினால் முட்டி ஒத்துழைக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு வேலை.

பெட்டியில் வைக்கக் கூடாதவை மூன்று. மின் சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை நம் மலையேற்ற நண்பர்கள் பலர் பாதுகாப்புக்காக வைத்திருப்பார்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே வழக்காகிவிடும். ட்ரோனும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை, துணிப்பை கொண்டுபோங்கள். ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 108.

மலையில் வாழ்கிறவர்களை 'மலையாளிகள்' என்பார்கள். கேரளத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள், நான் நினைத்தேன். ஏலகிரி, ஜவ்வாது, கல்வராயன், கொல்லிமலை என்று இந்தப் பக்கத்து மலைகளில் வாழும் பழங்குடிகள் இவர்கள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அவர்களே வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். எங்கள் வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்னை அண்ணா என்றும் என் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டார். நாங்கள் அவரைத் தம்பி என்றோம். "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று நான் கேட்டதற்கு ஒரு நொடி நின்று சிரித்தார். "எங்க பாட்டி இப்படித்தான் கேக்கும்" என்றார். அவரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தப் பலாவில் காய் பிடித்திருக்கிறது, கரடி எந்தப் பக்கம் வரும், மழை எப்போது தவறியது, எல்லாம் சொல்வார். படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுங்கள். உச்சியில் கோயில் இருக்கிறது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள். இறங்கியதும் ரொக்கமாக ஏதாவது கொடுங்கள், நம் கைப்பேசிப் பணப்பை அங்கே செல்லாது.

முகட்டில் நடக்கும்போது ஒரு பக்கம் புங்கனூர் ஏரி உள்ளங்கை அளவில் பளபளக்கும். மறுபக்கம் சமவெளி, அதற்கப்பால் ஜவ்வாது மலை நீலமாக. அந்த மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கியோடு. காற்று அடித்துக்கொண்டே இருக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது அங்கே உட்காருங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் இருக்கும் பழைய அடையாள அட்டை, பிறப்புச் சான்று, தோட்டப் பதிவு எதிலாவது தாத்தா பாட்டியின் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் தாறுமாறாக எழுதியிருப்பார்கள், பரவாயில்லை, அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உச்சியில் நான் அந்தத் தாளை எடுத்தபோது எங்கள் வழிகாட்டித் தம்பி இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். மூன்றாவது முறை பெயர் சரியாக வந்துவிட்டது. கையிலிருந்த குச்சியை நீட்டிக் கீழே ஓர் ஏரியையும் அதன் கரையில் பனைமரங்களையும் காட்டினார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அங்கே போனோம்.