தயிர் உறையாத ஊரில் சாக்லேட் மூஸ்: பனீர் போதும், பவுடர் வேண்டாம்

ஊட்டியில் சாக்லேட் கிடைப்பது சுலபம். தயிர் உறைவதுதான் பெரும்பாடு. புரதம் மிகுந்த சாக்லேட் இனிப்பு வேண்டுமென்று தேடினால், கண்ணில் படும் செய்முறைகளில் பல கிரீக் யோகர்ட்டில்தான் தொடங்கும். அதாவது தண்ணீரை வடித்தெடுத்த கெட்டித் தயிர். சமவெளியில் ராத்திரி புரை ஊற்றினால் காலையில் வெட்டியெடுக்கலாம் போல உறைந்திருக்கும். இங்கே மார்கழி, தையில் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தாலும், விடிந்து திறந்தால் பால் பாலாகவே இருக்கும். தயிரை உறைய வைக்கும் பாக்டீரியா சுறுசுறுப்பாக வேலை செய்ய 40 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். நம் அடுப்படியில் அதற்கு எங்கே போவது?

அதனால் தயிரை விட்டுவிட்டுப் பனீரை எடுக்கிறோம். பனீருக்குக் காத்திருப்பு கிடையாது. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்துவிடும். புரதமும் அதிகம்: 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம், வடிக்காத தயிரில் 3 அல்லது 4 கிராம்தான்.

செய்யப் போவது மூஸ். கரண்டியால் எடுத்தால் நுரைபோல மிருதுவாகவும், வாயில் வைத்தால் கெட்டிச் சாக்லேட்டாகவும் இருக்கும் இனிப்பு. ஓவன், முட்டை, ஜெலட்டின் எதுவும் தேவையில்லை. அசல் பிரெஞ்சு மூஸில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் சேர்ப்பார்கள்; சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுப்பு வேலையும் மிக்சி வேலையும் கால் மணி நேரத்தில் முடியும். மீதி நேரம் குளிரின் கையில்.

நான்கு சிறு கிண்ணங்களுக்கு வேண்டியவை

பனீர் 200 கிராம்
டார்க் சாக்லேட் 60 கிராம்
இனிப்புச் சேர்க்காத கோகோ தூள் 2 மேசைக்கரண்டி
காய்ச்சிய பால் 100 மில்லி
நாட்டுச் சர்க்கரை 3 மேசைக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை
கெட்டியான காபி டிகாஷன் 1 தேக்கரண்டி (விருப்பமிருந்தால்)
மேலே தூவ, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம் இருக்கும்

டிகாஷன் காபி வாசனைக்காக அல்ல. அவ்வளவு சிறிய அளவில் அது காபியாகத் தெரியாது, சாக்லேட்டின் கசப்பை ஆழப்படுத்தும். உப்பும் அப்படித்தான். இரண்டில் ஒன்றை விடுவதானால் டிகாஷனை விடுங்கள், உப்பை விடாதீர்கள்.

முதலில் சாக்லேட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் சறுக்குகிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் கடைகளில் தட்டுத் தட்டாக அடுக்கி எடைபோட்டு விற்கிறார்களே, அதில் பலவும் காம்பவுண்ட் சாக்லேட். கோகோ பட்டருக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது. விலை குறைவு, உருக்கி அச்சில் ஊற்றுவதும் எளிது. அதைத் தப்பென்று சொல்லவில்லை. முந்திரியும் திராட்சையும் போட்டதை வாங்கித் தின்றுகொண்டே கமர்ஷியல் ரோட்டில் நடக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூஸுக்கு ஆகாது. கோகோ பட்டர் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே, 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைகிறது. காம்பவுண்டில் இருக்கும் கொழுப்பு பல சமயம் அப்படிக் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்: கோகோ பட்டர் என்று இருந்தால் எடுங்கள், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் வைத்துவிடுங்கள். கோகோ அளவு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கட்டும்.

‘ஊட்டி சாக்லேட்’ என்றதும் கோகோவும் இங்கேயே விளைகிறது என்று நினைத்துக்கொண்டு வருகிற உறவினர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. 2,240 மீட்டர் உயரத்துக் குளிரில் கோகோ மரம் பிழைக்காது. அது வெப்பமும் ஈரமும் கேட்கும் மரம். கீழே பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. மலை கொடுத்தது குளிரை மட்டும். ஏசி இல்லாமலே சாக்லேட் இறுகும் என்பதால்தான் இந்தத் தொழில் வீட்டு அடுப்படிகளிலும் வேரூன்றியது.

படி 1: பனீரைச் சூடேற்றுங்கள்

இந்தப் படியைப் பல செய்முறைகளில் பார்க்க முடியாது. மலையில் இருப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. பனீரைச் சிறு துண்டுகளாக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, மூழ்கும் அளவு கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு தண்ணீரை நன்றாக வடித்துவிடுங்கள். மிக்சி ஜாரையும் வெந்நீரில் ஒருமுறை அலசித் துடைத்து வையுங்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பனீர், குளிர்ந்து கிடக்கும் ஜார், இவற்றில் உருகிய சாக்லேட்டை ஊற்றினால் அதிலுள்ள கொழுப்பு தொட்ட இடத்திலேயே இறுகிப் பொடிப் பொடியாகிவிடும். அரைக்க அரைக்கக் கறுப்பு மணல் கலந்த பனீர்தான் கிடைக்கும். சென்னை வெயிலில் இந்தத் தொந்தரவு குறைவு. இங்கே சாக்லேட்டுக்குச் சமமாக எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தால்தான் ஒன்றோடொன்று சேரும்.

பனீரை வீட்டிலேயே செய்வதானால் ஒரு லிட்டர் பசும்பாலில் 150 முதல் 200 கிராம் வரை கிடைக்கும். பால் பொங்கி வரும்போது அடுப்பை அணைத்து, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டியைச் சிறிது தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால், பச்சை கலந்த தெளிந்த நீர் தனியே பிரியும். துணியில் வடித்து, குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழியுங்கள். அலசாவிட்டால் எலுமிச்சைப் புளிப்பு மூஸில் ஏறும். மூஸுக்கு என்பதால் பலகை வைத்து அழுத்தி இறுக்கத் தேவையில்லை. சூடு ஆறுவதற்குள் அடுத்த படிக்குப் போகலாம். வடித்த நீரில் சப்பாத்தி மாவு பிசைந்துகொள்ளுங்கள், அதிலும் கொஞ்சம் புரதம் இருக்கிறது.

படி 2: கோகோவைப் பாலில் வேகவிடுங்கள்

சிறு பாத்திரத்தில் கோகோ தூள், நாட்டுச் சர்க்கரை, உப்பு மூன்றையும் போட்டு, பாலில் இரண்டு மூன்று கரண்டி மட்டும் விட்டுக் கட்டியில்லாமல் குழையுங்கள். மொத்தப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினால் கோகோ மேலே மிதந்துகொண்டு கரைய மறுக்கும். குழைத்த பிறகு மீதிப் பாலை ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே ஒரு கொதி வந்ததும் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். கோகோவின் பச்சை வாடை போய் நிறம் கறுத்து வரும். டிகாஷன் சேர்ப்பதானால் இப்போது.

படி 3: அணைத்த அடுப்பில் சாக்லேட்

அடுப்பை அணைத்துவிட்டு, கத்தியால் பொடியாகச் சீவிய சாக்லேட்டை அந்தப் பாலில் போடுங்கள். தொடாமல் இரண்டு நிமிடம். அப்புறம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் கலக்குங்கள். பளபளவென்று கெட்டிக் குழம்பாகத் திரண்டு வரும்.

சாக்லேட்டைத் தனியாக, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்குவதுதான் வழக்கம். தொடக்கக்காரர்களுக்கு அது வேண்டாம் என்பேன். உருகிய சாக்லேட்டில் நாலு சொட்டு ஆவித் தண்ணீர் விழுந்தால் போதும், மொத்தமும் திரண்டு கல்லாகிவிடும். அதிலுள்ள சர்க்கரையும் கோகோத் துகளும் அந்தச் சொட்டு ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். விந்தை என்னவென்றால், தண்ணீர் கொஞ்சமாக இருந்தால்தான் இந்த ஆபத்து. நம் அளவுக்குப் பால் இருந்தால் எல்லாம் அதில் கரைந்துவிடும், திரளாது.

படி 4: அரையுங்கள்

வடித்த வெதுவெதுப்பான பனீரை மட்டும் முதலில் ஜாரில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். ஓரத்தில் ஒட்டுவதை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சுற்றாமல் திணறினால் சாக்லேட் பாலில் இரண்டு கரண்டி விடுங்கள். விரலில் தொட்டுத் தேய்த்தால் குருணை தட்டக் கூடாது. அதுவரை பொறுமை வேண்டும். மூஸ் மூஸாக இருப்பதும் சாக்லேட் போட்ட பனீர் புர்ஜியாக இருப்பதும் இந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. பிறகு மீதிச் சாக்லேட் பாலை ஊற்றி, நிறம் ஒன்றாகும்வரை ஓட்டுங்கள், போதும். அதற்கு மேல் ஓட்டினால் ஜார் சூடாகிக் கொழுப்பு பிரியலாம்.

கரண்ட் போய்விட்டதா? மழைக்காலத்தில் இங்கே அது சகஜம். பனீரை மாவு சலிக்கும் சல்லடையில் வைத்துக் கரண்டியால் தேய்த்து இறக்கிவிட்டு மத்தால் கடையுங்கள். கை வலிக்கும், ஆனால் வரும்.

ருசி பாருங்கள். குளிர்ந்த பிறகு இனிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும் என்பதால், இப்போது ஒரு துளி கூடுதலாகத் தோன்றினால்தான் சரி.

படி 5: குளிர விடுங்கள்

கிண்ணங்களிலோ சின்ன டம்ளர்களிலோ ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். ஜன்னல் திட்டிலேயே ஃப்ரிட்ஜ் குளிர் இருக்கிறதே என்று அங்கே வைத்துவிடாதீர்கள். பகலில் வெயில் பட்டால் பால் பண்டம் கெடும். அதற்கு முன்பே குரங்கு எடுத்துப் போய்விடும். மூடி கட்டாயம். கொடைக்கானல்காரர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும்: ஃப்ரிட்ஜில் மலைப்பூண்டு இருந்தால் சாக்லேட்டின் கொழுப்பு அந்த வாசத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

பரிமாறும்போது வேர்க்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டித் தூவுங்கள். முன்பே தூவினால் நமுத்துப்போகும். எனக்குப் பிடித்தது வேர்க்கடலையோடு ஒரு ஊட்டி வர்க்கியையும் நொறுக்கிப் போடுவது. வர்க்கியால் புரதம் ஒன்றும் ஏறாது, அந்த மொறுமொறுப்புக்காகத்தான். ஸ்ட்ராபெரி கிடைக்கும் மாதமென்றால் இரண்டு பழத்தை நறுக்கி வையுங்கள். நம் மலைப் பழத்தின் புளிப்பு இதற்கு வெகு பொருத்தம்.

எவ்வளவு புரதம்?

பனீரில் 36 கிராம், வேர்க்கடலையில் 7 அல்லது 8, சாக்லேட்டும் கோகோவும் சேர்ந்து 6, பாலில் 3. மொத்தம் 50 கிராமுக்குச் சற்று மேல். கிண்ணத்துக்கு 13 கிராம் வாக்கில் வரும். இரண்டு முட்டையில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். அதில் கால் பங்கு இந்த ஒரு கிண்ணத்தில்.

இதை மெலிவதற்கான பண்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பனீரிலும் சாக்லேட்டிலும் கொழுப்பு தாராளம். ஒரு கிண்ணம் 300 கலோரியைத் தாண்டும். கொழுப்பைக் குறைக்க வேண்டுமானால் ஆடை நீக்கிய பாலில் பனீர் செய்யுங்கள். புரதம் குறையாது, மிருதுத்தன்மை குறையும்.

புரதப் பவுடர் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் வே பவுடரை (பால் திரிந்து பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதம்) அடுப்பிலிருக்கும் பாலில் போட்டால் திரிதிரியாகிவிடும். படி 4-இல், வெதுவெதுப்பு நிலையில் ஒரு கரண்டி சேர்த்துப் பாலை இன்னும் 30 மில்லி கூட்டுங்கள். பெரும்பாலான பவுடர்களில் இனிப்பு ஏற்கெனவே இருக்கும், சர்க்கரையைப் பாதியாக்குங்கள். என்னைக் கேட்டால், பவுடர் போட்டதில் ஒரு சுண்ணாம்பு நெடி இருக்கிறது. பனீரே இருக்கும்போது அது எதற்கு?

பால் சேராதவர்களுக்கு பட்டர் பீன்ஸ்

கொடைக்கானல் மலையிலும் நீலகிரியிலும் விளையும் பட்டர் பீன்ஸ் இதற்குக் கைகொடுக்கும். தோடு உரித்த பச்சை பட்டர் பீன்ஸ் 250 கிராமைக் குக்கரில் குழைய வேகவையுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் வெகுநேரம் இழுக்கும், குக்கர்தான் வழி; கீழ்நாட்டுச் செய்முறையில் சொன்னதைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். அரைவேக்காட்டு பீன்ஸ் வயிற்றைக் கெடுக்கும். வெந்ததும் தோலைப் பிதுக்கி எறிந்துவிட்டு, சூடாக இருக்கும்போதே பனீருக்குப் பதிலாக அரைத்துக்கொள்ளுங்கள். பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால். டார்க் சாக்லேட்டிலும் பால் சேர்ந்திருக்கலாம் என்பதால் பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். புரதம் பனீர் அளவுக்கு வராது, வேர்க்கடலையை இரண்டு கைப்பிடியாக்கினால் ஓரளவு ஈடாகும்.

பனீர் மூஸ் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். எடுத்ததும் கெட்டியாக இருந்தால் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். மார்கழியில் இருபது நிமிடம்.