விளையாட்டு முற்றத்துக்கு வேலி: தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) நடத்துவோருக்கான செய்முறை

கோலாலம்பூரின் செந்தூலில் மூலை வீடு ஒன்றில் இயங்குகிறது எங்கள் தாஸ்கா. ஒரு நாள் காலை, குப்பை லாரி வரும் நேரம். மூன்று வயதுப் பையன் ஒருவன் சிவப்பு நெகிழி முக்காலியை வேலியோரம் இழுத்துப் போட்டு ஏறினான். வேலியின் நடுவே ஓடிய குறுக்குக் கம்பியில் கால் விரலை ஊன்றி, மறுகாலைத் தூக்கும்போது ஓடிப்போய்ப் பிடித்தேன். அது 4 அடி வேலி, உயரத்தில் குறையில்லை. அந்தக் குறுக்குக் கம்பிதான் அவனுக்கு ஏணியாகிவிட்டது. அந்த வாரமே வேலியை மாற்றினோம். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், முற்றத்தில் மண்டியிட்டுக் குழந்தையின் உயரத்தில் நான்கு பக்கமும் பாருங்கள். நின்று பார்க்கும்போது தெரியாத சாக்கடை மூடி இடுக்கும் பின்சந்துத் திறப்பும் அப்போதுதான் கண்ணில் படும். பார்த்ததைத் தாளில் வரைந்து, நீளங்களை எழுதிக்கொள்ளுங்கள். மலேசியாவில் 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்கள் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். ஆகவே அந்த வரைபடத்தை அவர்களிடம் காட்டிக் கேட்ட பிறகே பட்டறைக்குப் போங்கள்.

அடுத்து, 9 செ.மீ. பக்கமுள்ள அட்டைப் பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். வேலியின் எந்த இடைவெளியிலும் அது நுழையக் கூடாது. குழந்தை கால்களை முதலில் விட்டால் உடல் வழுக்கிக்கொண்டு போய்விடும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். கழுத்து நெரியும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. வேலியின் அடிப்பக்கத்திலும் இதே பெட்டியை வைத்துப் பாருங்கள். கோலாலம்பூர் மழை மண்ணை அரித்துக்கொண்டே இருப்பதால் நாங்கள் வேலியடியில் சிமெண்டு வரம்பு கட்டிவிட்டோம்.

கம்பி வாங்கும்போது, கம்பிகள் செங்குத்தாக நிற்கும் நெட்டுக்கம்பி வேலியையே கேளுங்கள். வைர வடிவக் கண்கள் கொண்ட கம்பி வலை மலிவுதான். ஆனால் ஒவ்வொரு கண்ணிலும் சின்னக் கால் விரல் பதியும், எனக்கு அது பிடிப்பதே இல்லை. உயரம் குறைந்தது 120 செ.மீ., சாலையோரமானால் இன்னும் கூடுதல். குறுக்குச் சட்டங்கள் வெளிப்பக்கம் இருக்கட்டும். மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே 90 செ.மீ.க்குக் குறையாமல் விடச் சொல்லுங்கள். ஈட்டி முனை வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய இரும்பு நம் ஈரக் காற்றைத் தாங்கும். குழாய்க் கம்பங்களின் வாயை மூடிவிடுங்கள். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும்.

கதவில் பணத்தைச் சுருக்காதீர்கள். பிள்ளையை அழைத்துப் போக வரும் பெற்றோர் ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக இருப்பார்கள். கதவைத் திரும்பிப் பார்த்துச் சாத்த அவர்களால் முடியாது. ஆகவே தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீலும், தானே விழும் தாழ்ப்பாளும் அவசியம். தாழ்ப்பாள் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கதவை ஒரு சாண் மட்டும் திறந்து விட்டுப் பாருங்கள். அந்தக் கொஞ்ச தூரத்திலும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். தீ ஏற்பட்டால் வெளியேறும் வழியும் இதுதான், எனவே பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது சாவிப் பூட்டுப் போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் வேலியோரம் 90 செ.மீ. தூரத்துக்கு முக்காலி, பூந்தொட்டி, மூன்று சக்கர வண்டி எதையும் வைக்காதீர்கள். எங்கள் முக்காலிகள் இப்போது வீட்டுக்குள்தான் இருக்கின்றன.

மாதம் ஒருமுறை, பழைய பருத்தித் துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, குழந்தையின் தோள் உயரத்தில் வேலி முழுவதும் தடவிக்கொண்டு போங்கள். துணி சிக்கும் இடத்தில் வெல்டிங் பிசிறோ துருவோ இருக்கும். சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அன்றைக்கே அரத்தால் தேய்த்துச் சாயம் பூசிவிடுங்கள்.