தருமபுரியில் பால்புதுமையினர் குறும்பட மாலை: நடத்த விரும்புவோருக்கு

பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட க்வியர் மக்கள்) பற்றிய குறும்படங்களைத் திரையிடும் மாலையொன்றைத் தருமபுரியில் நடத்த விரும்புகிறவர்கள் படங்களைத் தேடுவதற்கு முன் பேருந்து நேரத்தைப் பார்க்க வேண்டும். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் வீட்டில் பல கேள்விகளுக்கு விடை சொல்ல நேரும் என்பதால், மாலை 5 மணிக்குத் தொடங்கி 7:30 மணிக்குள் முடிப்பது நல்லது. அந்நேரத்தில் வெளிச்சம் இருக்குமாதலால் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி வேண்டும்.

பொதுமக்கள் அனைவருக்குமான திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் தேவை. சுயாதீனக் குறும்படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இராது. எனவே தெரிந்தவர்களை மட்டும் அழைக்கும் சிறு கூட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்காரரிடம் மட்டும் விஷயத்தை மறைக்காதீர்கள். பாதியில் விளக்கைப் போட்டு நிறுத்தச் சொல்வதைவிட, அவர் முன்பே மறுத்துவிடுவது மேல்.

சென்னையின் ரீல் டிசையர்ஸ், மும்பையில் 2010 முதல் நடக்கும் கஷிஷ் ஆகிய பால்புதுமையினர் திரைப்பட விழாக்களின் பழைய பட்டியல்களில் படங்கள் கிடைக்கும். இயக்குநரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மொத்தம் 70 நிமிடம் போதும். சாவில் முடியும் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் ஒன்று போதும், அதுவும் கடைசியில் வேண்டாம். இரண்டு பெண்கள் வாடகை வீட்டில் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே சண்டை போடுகிற மாதிரியான படம் ஒன்று கிடைத்தால், அதை இறுதியில் வையுங்கள்.

வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் அவசியம். நான் முதன்முதலில் நடத்தியபோது, திரையில் எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்களே வரிசையாக ஓடின. சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளையும் கணினியில் சேமிக்க உதவும் குறியீட்டு முறை) முறையில் சேமிக்காததும், மண்டபத்துக் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்காததும் என் தவறுகள். இப்போது வரிகளைப் படத்தின் மீதே பதித்துக் கொண்டுபோகிறேன். உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட, பால்புதுமையினரைக் குறிக்கும் சொற்களஞ்சியத்தைப் பின்பற்றினால், மொழிபெயர்ப்பில் இழிசொல் நுழையாது.

வாசலில் பெயர் எழுதும் நோட்டும் வேண்டாம், கைப்பேசிப் படமும் வேண்டாம். கடைசிப் படம் முடிந்ததும் எல்லா விளக்குகளையும் ஒரேயடியாகப் போடாமல், வாசல் பக்கத்து விளக்கை மட்டும் முதலில் போடுங்கள். படங்களுக்குப் பிறகான பேச்சுக்கு இருக்க விரும்பாதவர்கள் செருப்பைத் தேடியெடுத்துக்கொண்டு சத்தமின்றிக் கிளம்ப அந்த வெளிச்சம் போதும்.