முகாமுக்கும் மலையேற்றத்துக்கும் மடக்குக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு முதன்முறை கிளம்புகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கத்தியை மட்டும் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். பத்து சென்டிமீட்டர் அலகு (வெட்டும் தகடு), கூருக்கு எதிர்ப்பக்கத்தில் தடித்த முதுகு, கையில் எடுத்தாலே கனம் தெரியும். மூன்று நாள் நடையில் அதை வைத்து நான் செய்த வேலைகள் என்ன என்று பார்த்தால், பொட்டலம் பிரித்தது, கூடாரக் கயிறு அறுத்தது, காலில் கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை அளவாக வெட்டியது, சமைக்கும்போது தக்காளி நறுக்கியது, அவ்வளவுதான். அந்தத் தக்காளியைக்கூட அது நறுக்கவில்லை, நசுக்கியது. கூர் இருந்தது, ஆனால் கூருக்குப் பின்னால் அவ்வளவு தடிமனாக எஃகு இருந்தால் காய் பிளக்குமே தவிர வெட்டுப்படாது.

கத்தி வாங்குவதை அதனால் கத்தியிலிருந்து ஆரம்பிக்காமல், வேலையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

படி 1: என்னென்ன வேலை என்று எழுதுங்கள்

ஒரு தாளில் உங்கள் பயணத்தில் கத்தி எதற்கெல்லாம் வரும் என்று எழுதிப் பாருங்கள். உணவு, கயிறு, அடுப்பு பற்றவைக்கச் சிராய் சீவுவது, பட்டையில் ஓட்டை போடுவது, டின் திறப்பது. இதைத் தாண்டிப் பட்டியல் அதிகம் நீளாது. 1891-ல் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் தங்கள் நாட்டு ராணுவத்துக்குச் செய்து கொடுத்த சிப்பாய்க் கத்தியில் நான்கே கருவிகள்தான் இருந்தன: ஓர் அலகு, ஒரு குத்தூசி, டின் திறப்பான், ஸ்க்ரூ டிரைவர். சாப்பாட்டு டின்னைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றி மாட்டவும் அது போதும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. இன்று முகாமுக்குப் போகிற ஒருவருக்கும் அதில் முக்கால்வாசி அப்படியே பொருந்துகிறது.

உங்கள் பட்டியலில் அடுப்பின் நட்டு முறுக்குவது, வளைந்துபோன கூடாரக் கம்பியைச் சரி செய்வது போன்ற ரிப்பேர் வேலைகள் வந்தால் கத்தி போதாது, இடுக்கி வேண்டும். டிம் லெதர்மேன் 1975-ல் ஐரோப்பாவில் ஒரு பழைய காரில் சுற்றியபோது இதே குறைதான் அவரை உறுத்தியது. கையில் இருந்த பேனாக்கத்தியில் இடுக்கி இல்லை. இடுக்கியோடு பல கருவிகள் ஒன்றாக மடங்கும் அவருடைய மல்டிடூல் 1983-ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் முழு அளவு மல்டிடூல் பல 200 கிராமைத் தாண்டும். குழுவாகப் போனால் ஒருவர் கொண்டுவந்தால் போதும், ஆளுக்கொன்று சுமக்க வேண்டாம்.

படி 2: நீளமும் எடையும்

அலகு 6 முதல் 9 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மேலே சொன்ன எல்லா வேலையும் நடக்கும். 6-க்குக் கீழே போனால் காய்கறி நறுக்கச் சிரமம், 9-க்கு மேலே போனால் நுணுக்கமான வேலைக்கு முனை கையை விட்டு வெகுதூரம் போய்விடும், சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும்.

எடைக்கு என் வரம்பு 100 கிராம். சாவிக்கொத்தில் மாட்டும், மூடினால் 58 மி.மீ. நீளமுள்ள, சுவிஸ் நிறுவனமான விக்டரினாக்ஸின் கிளாசிக் கத்தி சுமார் 22 கிராம்தான். சமைக்காமல், கட்டிய உணவோடு நடப்பவர்களுக்கு நிஜமாகவே அது போதும். மரப்பிடி போட்ட ஒபினெல் 8-ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ., எடை சுமார் 50 கிராம். சமைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

படி 3: அலகை முன்னாலிருந்து பாருங்கள்

கடையில் எல்லோரும் கத்தியைப் பக்கவாட்டில் பார்த்து அழகு ரசிக்கிறார்கள். நீங்கள் முனையை உங்களுக்கு எதிரே நீட்டாமல் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, முதுகிலிருந்து கூர் வரை எஃகு எப்படி மெலிகிறது என்று பாருங்கள். முதுகிலேயே மெலியத் தொடங்கி ஒரே சரிவாகக் கூர் வரை இறங்கினால் அது நன்றாக வெட்டும். பாதி உயரம் வரை ஒரே தடிமனாக வந்து அப்புறம் சட்டென்று சரிந்தால் மரம் சீவுவதற்கு நல்லது, காய்க்கு ஆகாது. முதுகு 1.5 முதல் 2.5 மி.மீ. வரை இருப்பது மடக்குக் கத்திக்கு நல்ல அளவு. 3-ஐத் தாண்டினால் ஏன் இவ்வளவு என்று யோசியுங்கள்.

முனையின் வடிவத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். முதுகு மெதுவாக இறங்கி, நடுக்கோட்டுக்குச் சற்று மேலே முனை வந்து சேரும் வடிவம் எல்லா வேலைக்கும் ஒத்துவரும். முனை ஊசிபோல் மெலிந்திருந்தால் ஒருநாள் உடையும்.

ரம்பப் பல் வைத்த அலகு வேண்டுமா என்று நிறைய பேர் கேட்பார்கள். நனைந்த நைலான் கயிற்றை அது அருமையாக அறுக்கும், மறுக்கவில்லை. ஆனால் மழுங்கிவிட்டால் உங்களிடம் இருக்கும் தட்டையான சாணைக்கல்லால் அந்தப் பற்களைத் தீட்ட முடியாது. பாதிப் பல், பாதி வழவழப்பு என்று வரும் கத்தியில் இன்னொரு சிக்கல்: பிடிக்கு அருகே, கை பலம் அதிகம் கிடைக்கும் இடத்தில்தான் பற்கள் இருக்கும், சிராய் சீவ அந்த இடம்தான் தேவை. முதல் கத்திக்கு வழவழப்பான கூரையே எடுங்கள்.

படி 4: லாக் இருக்க வேண்டுமா?

இதில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் போவோம், விரல் சம்பந்தப்பட்டது.

லாக் என்பது திறந்த அலகு தானாக மடங்காமல் பூட்டிப் பிடிக்கும் அமைப்பு. சாதாரண பேனாக்கத்தியில் அது கிடையாது. பின்னால் இருக்கும் ஸ்பிரிங் தன் அழுத்தத்தால் அலகைத் திறந்த நிலையில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். கூர்ப்பக்கம் அழுத்தி வெட்டும்போது அலகு மூடாது, ஏனென்றால் அந்த அழுத்தம் அலகைத் திறந்த பக்கமாகவே தள்ளுகிறது. முனையை எதிலாவது குத்தி முன்னால் தள்ளும்போதுதான் ஆபத்து. நான் ஒருமுறை பையின் பட்டையில் ஓட்டை போட அலகின் முனையைக் குத்தித் திருகினேன். முனை சிக்கிக்கொண்டது, என் கை மட்டும் முன்னே போனது, அலகு மடங்கி ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் இறங்கியது. வலி முதலில் தெரியவில்லை, பட்டையில் ஈரம் பட்டதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்த வேலைக்குக் குத்தூசி இருக்கிறது. மூடினால் 91 மி.மீ. நீளமுள்ள சுவிஸ் கத்திகளில் அது பிடிக்குக் குறுக்கே, செங்குத்தாகத் திறக்கும். உள்ளங்கையை வைத்து அழுத்தினாலும் மடங்காது. அலகை வெட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லாக் உள்ளவற்றில் மூன்று வகை அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும் லைனர் லாக். ஒரு கையால் மூடலாம், ஆனால் தகட்டைத் தள்ளும் கட்டைவிரல் அலகு வரும் பாதையிலேயே இருக்கிறது, பாதி மூடியதும் விரலை எடுத்துவிடப் பழக வேண்டும். இரண்டாவது, பிடியின் முதுகில் அழுத்தினால் விடுபடும் பேக் லாக். இதில் விரல் குறுக்கே வராது, மூட இரண்டு கை வேண்டும். மூன்றாவது, ஒபினெலின் திருகு வளையம், 1955-லிருந்து இருக்கிறது. வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் பூட்டு, மறுபக்கம் திருப்பினால் திறப்பு. புதியவர்களுக்கு இதைவிட எளிதாகப் புரியும் லாக்கை நான் பார்த்ததில்லை. மரப்பிடி மழையில் ஊறி உப்பினால் அலகு திறக்க முரண்டு பிடிக்கும், அதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எந்த லாக்காக இருந்தாலும், மடக்குக் கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்காதீர்கள். மடங்கும் மூட்டு அந்த அடியைத் தாங்குவதற்குச் செய்தது இல்லை.

படி 5: எஃகு

இந்தப் பேச்சு இணையத்தில் முடிவே இல்லாமல் போகும். உங்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான். எஃகின் கடினத்தன்மையை ராக்வெல் எண்ணால் சொல்வார்கள். 55, 56 என்றால் சீக்கிரம் மழுங்கும், ஆனால் சின்னக் கல்லில் ஐந்து நிமிடத்தில் கூர் திரும்பிவிடும். விக்டரினாக்ஸ் அலகு 56-ல்தான் இருக்கிறது. 60-க்குப் பக்கத்தில் போனால் கூர் நாள்கணக்கில் நிற்கும், எஸ்30வி மாதிரி வெனடியம் சேர்ந்த எஃகாக இருந்தால் தீட்டுவதற்கு வைரத்தூள் பதித்த சாணைக்கல்லும் பொறுமையும் தேவை. சாணை பிடித்துப் பழக்கமில்லாதவர் மென்மையான எஃகையே வாங்கலாம். மழுங்கிய கத்திக்கு அதிக பலம் கொடுக்க வேண்டியிருக்கும், கை வழுக்குவது அப்போதுதான்.

துரு: துருப்பிடிக்காத எஃகு, கார்பன் எஃகு இரண்டிலும் ஒரே கத்தி கிடைக்கும் என்றால், மழையிலோ கடலோரத்திலோ நடப்பவர் முதலாவதை எடுங்கள். கார்பன் எஃகை எலுமிச்சை அறுத்துவிட்டு அப்படியே வைத்தால் சிறிது நேரத்திலேயே கறுக்கும்.

படி 6: கையில் வாங்கிப் பாருங்கள்

பிடியை இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கையில் எங்கும் உறுத்தக் கூடாது. இடுப்புக் கொக்கி வைத்த கத்திகளில் அந்தக் கொக்கியே உறுத்தும், பத்து நிமிடம் மரம் சீவினால் கொப்புளம் வந்துவிடும். குளிரில் கையுறையோடு நடப்பவராக இருந்தால், நகத்தை வைத்து இழுக்கும் பள்ளம் மட்டும் உள்ள கத்தியைத் திறக்க முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் திறந்து, அலகின் நடுவை இரண்டு விரலால் முதுகுப் பக்கமாகப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள், ஆட்டம் தெரியக் கூடாது. மூடிய நிலையில் அலகு பிடியின் நடுவே இருக்க வேண்டும், ஒரு பக்கம் உரசக் கூடாது. லாக் இருந்தால், விரல்கள் எதுவும் அலகு மடங்கும் பாதையில் வராதபடி பிடியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் நழுவினாலும் அந்தக் கத்தி வேண்டாம்.

படி 7: சட்டம்

போகிற இடத்தின் சட்டத்தைப் பாருங்கள், வாங்குகிற இடத்தின் சட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. உதாரணத்துக்கு, பிரிட்டனில் லாக் இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வெளியில் வைத்திருக்கலாம். லாக் உள்ளதற்குத் தகுந்த காரணம் வேண்டும். விமானத்தில் கத்தியைக் கைப்பையில் வைக்காமல், சரக்கில் போடும் பெட்டியில் உறை போட்டு வையுங்கள்.

படி 8: கிளம்பும் முன் ஒரு வாரம்

வாங்கிய கத்தியை அப்படியே பைக்குள் போடாதீர்கள். வீட்டில் ஒரு வாரம் அதைக் கொண்டே காய் நறுக்குங்கள், அட்டைப்பெட்டி வெட்டுங்கள், மூடித் திறந்து பழகுங்கள். உட்கார்ந்து மரம் சீவும்போது இரண்டு தொடைகளுக்கு நடுவே சீவாதீர்கள். தொடையின் உட்பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, காட்டில் அதை அடக்குவது கடினம். முழங்காலுக்கு வெளிப்பக்கமாக, உடம்பை விட்டு விலகிப் போகும்படி சீவுங்கள்.

சாணை பிடிக்கவும் இந்த வாரமே பழகிக்கொள்ளுங்கள். கோணம் எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர்கள் ஒரு காகிதத்தின் மூலையை எடுத்து ஒருமுறை மடியுங்கள், 45 பாகை. மறுபடி மடித்தால் 22-க்குச் சற்று மேல். அந்த மடிப்பைக் கல்லில் நிறுத்தி, அலகை அதைவிடக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தால் உங்கள் கோணம் வந்துவிட்டது. ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பும், கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்கே, வெளிப்பக்கமாக மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். தெரிந்ததும் பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் இரண்டு பக்கமும் மாறி மாறி மிக லேசாகத் தேய்த்துப் பிசிறை எடுத்துவிட்டு, ஒரு செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு மேலிருந்து அறுத்துப் பாருங்கள். சிக்காமல் இறங்கினால் சரி.

பயணம் முடிந்து வந்ததும் கத்தியைத் திறந்தபடியே வெந்நீரில் கழுவி, பிடிக்குள் தங்கியிருக்கும் பஞ்சையும் மணலையும் பல்குத்தும் குச்சியால் எடுத்து, நன்றாகக் காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நாலைந்து முறை மூடித் திறங்கள். உணவுக்குப் பயன்படும் கத்தி என்பதால் உணவுத்தர மினரல் ஆயில் மாதிரி வாய்க்குக் கெடுதல் இல்லாத எண்ணெய் போடுங்கள். மரப்பிடிக் கத்தியாக இருந்தால் தண்ணீரில் ஊறவைக்காமல் அலகை மட்டும் கழுவித் துடைத்துவிடுங்கள்.