டயர் துண்டு இல்லாமல் மழைக்காலத்தில் அடுப்பு பற்றவைக்க

குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, விறகு காயவே விடாது. அதனால்தான் சில வீடுகளில் அடுப்படியில் சைக்கிள் டயரையும் டியூபையும் நறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டைக் கொளுத்திச் செருகினால் ஈர விறகும் பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் என்ன, எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த விறகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் டயரில் இருக்கிறது.

ஆனால் டயரில் ரப்பர் பால் மட்டுமா இருக்கிறது? செயற்கை ரப்பர், கார்பன் பிளாக், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, எண்ணெய் எல்லாம் சேர்த்துத்தான் செய்கிறார்கள். சிமென்ட் ஆலைச் சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் சூடு இருப்பதால் அங்கே எரிக்கிறார்கள். வீட்டு அடுப்பில் அது அரைகுறையாகத்தான் எரியும். கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, பென்சீன், புற்றுநோய் தரக்கூடிய வேறு சேர்மங்கள் எல்லாம் அந்தக் கறுப்புப் புகையோடு சமைப்பவரின் மூக்குக்குத்தான் போகும். நம்ம ஊர் ரப்பர்தானே என்பது சமாதானம் ஆகாது.

டயரைத் தேட வேண்டிய தேவையே வரக்கூடாது என்றால் விறகு காய்ந்திருக்க வேண்டும், வேலை முழுக்க அங்கேதான். பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூட தண்ணீராக இருக்கலாம். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் புகை குறையும். ரப்பர் மரம் முறித்த உடனே பிளந்து கீறிவிடுங்கள், உருட்டாகப் போட்டால் பூஞ்சையும் வண்டும் முந்திக்கொள்ளும். கல்லோ செங்கலோ வைத்துத் தரையைவிட்டு உயர்த்தி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். பக்கவாட்டில் தார்ப்பாய் சுற்றி மூடுகிறார்கள் பாருங்கள், அதைப் போல வேண்டாத வேலை கிடையாது, உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கிற காற்றுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், குலசேகரம் பக்கம் மாசி பங்குனி வெயிலை விட்டுவிடாதீர்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டக்'கென்று கணீர் சத்தம் வர வேண்டும், மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம்.

பற்றவைக்கச் சிரட்டை, கொதும்பு (தென்னம்பாளையின் மடல்), காய்ந்த ஓலை போதும். கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, காய்ந்திருந்தால் நல்லது, ஈரமாக இருந்தால் வெறும் புகைதான். அடியில் காற்று போக இடம் விட்டு, மெல்லிய சுள்ளி முதலில், தடி அப்புறம். நல்ல விறகும் புகை விடும் என்பதால் சன்னலைத் திறந்து வையுங்கள். பெயின்ட் அடித்த மரம், மருந்து ஏற்றிய பலகை, பிளைவுட் துண்டு, இதெல்லாம் அடுப்புக்கு வேண்டாம். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையிலும் டயர் கூடாது, கரி படிந்தால் ஷீட்டின் தரம் இறங்கி விலை குறையும்.

விறகுச் சாம்பலைத் தென்னைக்குப் போடலாம், அதில் சாம்பல் சத்து உண்டு. டயர் கலந்த சாம்பலில் துத்தநாகம் தேங்கி நிற்கும், அதைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சரி, பழைய டயரை என்ன செய்வது? மாற்றும் கடையிலேயே விட்டுவிடலாம், இல்லை ஆக்கர் கடையில் (பழைய சாமான் வாங்கும் கடை) கேட்கலாம். லாரி டயரின் உடல் கெடாமல் இருந்தால் ரீட்ரெடிங், அதாவது தேய்ந்த மேற்பரப்புக்குப் புது ரப்பர் ஒட்டுவது, செய்யலாம். துறைமுகங்களில் படகு மோதாமல் இருக்க விளிம்பில் டயர் தொங்கவிடுவார்கள், அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்வரை வெளியில் போட்டு வைக்காதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு இருக்கும், மழைத் தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவிக் கூரைக்குக் கீழே வையுங்கள். செடி வைப்பதாக இருந்தால் அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள்.

குவித்து வைத்த டயரில் தீப்பிடித்தால் தண்ணீருக்குச் சுலபத்தில் அடங்காது, உருகி வடியும் எண்ணெய் தண்ணீரோடு கால்வாயில், குளத்தில் போய்ச் சேரும். தீயணைப்புக்கு 101 அழையுங்கள். கையளவு தீ என்றால் மண்ணை அள்ளிப் போட்டு மூடுங்கள்.