சி ஷார்ப்பில் எண்களுக்கான ஜெனரிக் கிளாஸ்

இன்ட் (முழு எண்), டபுள், டெசிமல் (தசம எண்கள்) என்று ஒவ்வொரு எண் வகைக்கும் ஒரே கிளாஸைத் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறீர்களா? சி ஷார்ப் இயங்கும் தளமான டாட்நெட்டின் 7-ஆம் பதிப்பு (2022) முதல் அதற்குத் தேவை இல்லை; பல வகைகளுக்கும் பொருந்தும் ஒரே ஜெனரிக் கிளாஸ் போதும். முன்பெல்லாம் டைப் பாராமீட்டருக்கு (வகையின் பெயருக்குப் பதிலாக கிளாஸில் எழுதும் டி என்ற குறிக்கு) ஸ்ட்ரக்ட் போன்ற பொதுவான நிபந்தனைகள்தான் போட முடியும்; எண் வகை என்று சொல்ல வழி இல்லை. கூட்டல் குறி வந்த இடத்திலேயே கம்பைலர் மறுத்துவிடும். இப்போது சிஸ்டம் டாட் நியூமெரிக்ஸில் இருக்கும் ஐநம்பர் இன்டர்ஃபேஸை நிபந்தனையாகக் கொடுத்தால் போதும். கூட்டல், கழித்தல், ஒப்பீடு எல்லாம் நேரடியாக வேலை செய்யும். தொடக்க மதிப்புக்கு 0 என்று எழுதாமல் டி டாட் ஜீரோ என்று எழுதுங்கள்.

சிக்கல் வருவது சராசரியில்தான். டைப் இன்ட்டாக இருந்தால் 1, 2 இரண்டின் சராசரி 1 என்றே வரும், ஏனென்றால் அது முழு எண் வகுத்தல். கம்பைலரும் எச்சரிக்காது. ஆகவே வகுத்தல் உள்ள கிளாஸுக்கு ஐஃப்ளோட்டிங்பாயின்ட் என்று நிபந்தனையை இறுக்குவதே நல்லது. இன்ட் உள்ளேயே வர முடியாது. அல்லது விடைக்கென்று இரண்டாவது டைப் பாராமீட்டர் வையுங்கள். மொத்தத்தையும் அதிலேயே கூட்டினால், இன்ட் நிரம்பி வழியும் தொல்லையும் குறையும்.

அப்புறம், டைப் மாற்றம். இதற்கு மூன்று மெத்தட்கள் உண்டு. 300-ஐ பைட்டாக (0 முதல் 255 வரை மட்டும் கொள்ளும் வகை) மாற்றும்போது கிரியேட்செக்ட் பிழை எறியும், கிரியேட்சாச்சுரேட்டிங் 255 தரும், கிரியேட்ட்ரங்கேட்டிங் 44 தரும். பணக் கணக்கு என்றால் யோசிக்காமல் முதலாவதை எடுங்கள். காம்ப்ளெக்ஸ் எண்களும் (கலப்பெண்கள்) வேண்டுமா? அவற்றில் பெரிது சிறிது கிடையாது, எனவே ஐநம்பர் ஒத்துவராது, ஐநம்பர்பேஸ் போடுங்கள்.