தேதி தாண்டிய பாக்கெட்: குப்பைக்கா, அடுப்புக்கா?

போன ஆடி மாதம் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று நாளாக விடாத மழை. வெளியே போக வழியில்லை, சரி, அலமாரியையாவது சுத்தம் செய்வோம் என்று உட்கார்ந்தோம். அக்கா ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்த்து, தேதி தாண்டியதை இடது பக்கமும் தாண்டாததை வலது பக்கமும் வைத்துக்கொண்டே போனாள்.

முடிந்ததும் இரண்டு குவியலையும் கிளறினேன். இடது பக்கம் இருந்த ஜவ்வரிசிக்கு ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி முடிந்து ஒன்றரை மாதம். டப்பாவைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம்; வாடை இல்லை, வண்டு இல்லை. வலது பக்கம் இருந்த மிளகாய்த்தூளுக்கு இன்னும் இரண்டு மாதம் ஆயுள் இருந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றினால் உள்ளே கட்டி கட்டியாக இருக்கிறது. ஒரு கட்டியை உடைத்தேன், நடுவில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை.

“அப்ப எதுக்குடா தேதி போடறாங்க?” என்றாள் அக்கா.

நியாயமான கேள்வி. பாக்கெட்டில் தேதிக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு வரி இருக்கும்: ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.’ அந்த வரியைக் காப்பாற்றினால்தான் அந்தத் தேதி செல்லும். சேலத்தில் சித்திரை வெயிலில் சமையலறை குளிர்ந்த இடம் இல்லை. ஏற்காட்டில் மழைக்காலத்தில் உலர்ந்த இடம் என்று ஒன்றே கிடையாது. ஆகவே இரண்டு ஊர்க்காரர்களும் தேதியோடு சேர்த்து வேறு சிலவற்றையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். நான் பார்க்கும் வரிசை இது.

முதல் படி: எந்தத் தேதி என்று பாருங்கள்

‘எம்.எஃப்.டி.’ என்றால் தயாரித்த நாள், ‘பி.கே.டி.’ என்றால் பாக்கெட்டில் அடைத்த நாள். இவற்றைப் பார்த்துவிட்டு “ஐயோ, போன மாசமே முடிஞ்சுடுச்சு” என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. (என் மாமா ஒரு கிலோ உளுத்தம்பருப்பை அப்படித்தான் தொலைத்தார்.)

நமக்கு வேண்டியவை இரண்டு. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரத்துக்கான தேதி. அதற்குப் பிறகு மணமும் மொறுமொறுப்பும் குறையலாம், ஆனால் பொருள் சாப்பிடத் தகுந்ததாகவே இருக்கலாம். ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ என்பது பாதுகாப்புக்கும் சேர்த்த தேதி. அது தாண்டினால் கடையில் விற்கவே கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி எக்ஸ்பைரி தேதி கட்டாயம், பெஸ்ட் பிஃபோர் போடுவது கம்பெனியின் விருப்பம்.

எக்ஸ்பைரி தாண்டியிருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், போட்டுவிடுங்கள். பெஸ்ட் பிஃபோர் மட்டும் தாண்டியிருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: பேரமே பேசக்கூடாத பொருளா?

குழந்தைக்குக் கொடுக்கும் பால் பவுடர், பாக்கெட் பால், பனீர், இறைச்சி, மீன், க்ரீம் வைத்த கேக். இவற்றில் எந்தத் தேதி தாண்டியிருந்தாலும் வேண்டாம். “மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு” என்பது இங்கே செல்லாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும்; வாடையும் வராது, நிறமும் மாறாது. கர்ப்பிணிகளுக்கு அது கருவையே பாதிக்கும். வீட்டில் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, வயதானவரோ, சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் மற்றப் பொருள்களிலும் கொஞ்சம் கறாராக இருங்கள்.

மூன்றாம் படி: எங்கே இருந்தது, திறந்ததா?

போன வருடம் சேலத்தில் ஒரு கடையில் பனீர் வாங்கினேன். எக்ஸ்பைரிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காற்று உறிஞ்சி அடைத்த கவர் பனீரோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இது குட்டித் தலையணை மாதிரி உப்பியிருந்தது. ஓரத்தில் கத்தரித்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது, பின்னாலேயே புளித்த வாடை. கடைக்காரர் இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போவார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்பது நாள் என்று அச்சடித்தவருக்கு இது தெரிய நியாயமில்லை.

குளிரில் வைக்க வேண்டிய பொருளுக்கு 5 டிகிரிக்குக் கீழே என்பது கணக்கு. பாலை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் முதலில் சூடாவது அந்த இடம்தான். கரண்ட் போனால் கதவைத் திறக்காதவரை சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் பால், இறைச்சி வகைகளை நம்ப வேண்டாம்.

பாக்கெட்டைத் திறந்துவிட்டால் அச்சிட்ட தேதி முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியில் வரும் பால், பிரிக்காதவரை வெளியிலேயே மாதக்கணக்கில் இருக்கும். பிரித்த பிறகு அதுவும் சாதாரணப் பால்தான். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடிக்க வேண்டும். திறந்த தேதியை மார்க்கரால் மூடியில் எழுதிவிடுவது என் பழக்கம்.

நான்காம் படி: கவரைப் பாருங்கள்

தகர டப்பா உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, மடிப்பில் துருப்பிடித்து நசுங்கியிருந்தாலோ திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கக்கூடிய நச்சு, ருசி பார்க்கும் அளவே ஆபத்தானது.

ஆனால் உப்பியதெல்லாம் கெட்டது என்றும் சொல்ல முடியாது. கடையில் வாங்கும் இட்லி மாவு புளிக்கும்போது கவர் உப்பத்தான் செய்யும். இன்னொன்று ஏற்காட்டு விசேஷம். சேலத்தில் சிப்ஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் பாக்கெட் வெடிக்கப் போவது போல நிற்கும். சிப்ஸ் மேல் தப்பில்லை. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போக வெளிக் காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது, உள்ளே அடைத்த காற்று விரிகிறது. கீழே இறங்கினால் பழையபடி ஆகிவிடும். இறங்கியும் உப்பலாகவே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஐந்தாம் படி: கண்ணும் மூக்கும்

கெட்டுப்போனது என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, வீட்டில் பெரியவர்கள் சொல்லும் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதித் தீர்ப்பு அதிலேயே இருக்கிறது.

நமத்துப் போனது என்றால் ஈரம் இழுத்திருக்கிறது. நமத்த தட்டுவடையையோ பிஸ்கட்டையோ வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் போதும், பூஞ்சை இல்லாதவரை பயமில்லை.

சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் காற்றோடு கலந்து கெட்டிருக்கிறது. மிக்சர், முறுக்கு, பழைய கடலெண்ணெய் எல்லாவற்றிலும் இது வரும். ஒரு வாய் தின்றால் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டீர்கள், ஆனாலும் தின்பதற்கு அது லாயக்கில்லை. சேலம் வெயிலில் இது சீக்கிரம் வரும்.

பூஞ்சை பூத்தது வேறு விஷயம். பிரெட்டில் ஒரு துண்டில் பச்சைப் புள்ளி என்றால் மொத்தப் பாக்கெட்டும் போக வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் வேர் ஓடியிருக்கும். நிலக்கடலையில் பூஞ்சை என்றால் இன்னும் மோசம். அதில் உண்டாகக்கூடிய அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. சொத்தை, சுருங்கல், நிறம் மாறிய பருப்பு, கசப்பு, எதுவானாலும் துப்பிவிடுங்கள். ஊறுகாயில் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடும் பாட்டிகளை எனக்கும் தெரியும். நான் வழிப்பதில்லை, பாட்டிலோடு போட்டுவிடுவேன்.

ஊசிப் போனது என்றால் கரண்டியில் எடுக்கும்போது நூல் போல இழுக்கும், தொட்டால் வழவழக்கும். இதற்கு மறுபேச்சு கிடையாது. “ஒரு கொதி விட்டா சரியாயிடும்” என்பது தவறு. கொதியில் பாக்டீரியா சாகலாம், அது ஏற்கெனவே உமிழ்ந்த நச்சில் சில கொதித்தாலும் அழியாது.

வண்டு விழுந்த ரவையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒன்றிரண்டு வண்டு, வாடை இல்லை, கட்டி இல்லை என்றால் சலித்து, வெயிலில் காயவைத்து, வறுத்து வைப்போம். கூடு கட்டி நூல் நூலாகத் தொங்கினால் போட்டுவிடுவோம்.

நாமக்கல்லில் இருந்து நமக்கு உதிரியாக வரும் முட்டையில் பெரும்பாலும் தேதியே இருக்காது. தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம்: படுத்தால் புதுசு, நின்றால் பழசு, மிதந்தால் ரொம்பப் பழசு. இது வயதைத்தான் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. உடைத்ததும் நாற்றம் வந்தால் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடையுங்கள், ஒன்று கெட்டிருந்தால் மற்ற ஐந்தும் தப்பிக்கும்.

ஆறாம் படி: போடுவது என்று முடிவு செய்தால்

கவரை இரண்டாக வெட்டிவிட்டு, உள்ளே இருப்பதைத் தனியாகக் கொட்டுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துச் சாப்பிட வாய்ப்பு உண்டு. பூஞ்சை பிடித்த தவிட்டையும் கடலையையும் மாட்டுக்கும் வைக்கக் கூடாது, அந்த நச்சு பாலில் வந்து சேரும். எக்ஸ்பைரி தாண்டிய பொருளைக் கடையில் உங்கள் தலையில் கட்டியிருந்தால் மட்டும் வெட்ட வேண்டாம். தேதி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, பில்லோடு பாக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள்.